ஐந்து பவுன் அம்பு

என் கணவர் தாலிக்கொடி செய்கிறவர். கெபெக்கில், புரோசார்ட் என்ற புறநகரில், ஒரு கடைத்தொகுதியின் உள்மூலையில் அவருடைய சிறிய கடை இருக்கிறது. முப்பது வருடத் தொழிலில் அவர் ஒரு கொடியைக்கூட இரட்டை எண்ணில் முடித்துக் கொடுத்ததில்லை. ஏழு பவுன், ஒன்பது பவுன், பதினொரு பவுன். எங்கள் ஆட்களிடம் அதுதான் வழக்கம். எட்டுப் பவுனில் கேட்டு வந்த ஒரு மாப்பிள்ளை வீட்டாரை, "ஏழு எண்டால் ஏழு, ஒன்பது எண்டால் ஒன்பது. எட்டிலை நான் செய்யமாட்டன்" என்று சொல்லி, தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவைத்தார். நிறை குறைந்தால் ஒரு வளையத்தைக் கோத்து ஒற்றைக்குக் கொண்டுவருவார். கூடினால் அரத்தை எடுப்பார்.

எனக்கு எண்களில் நம்பிக்கையும் கிடையாது, பொறுமையும் கிடையாது. டவுன்டவுனில் ஒரு சீருடைத் தொழிற்கூடத்தில் ஹோட்டல் சமையல்காரர்களுக்குச் சட்டை தைக்கிறேன். இருபத்திரண்டு வருடமாகிறது. ஐம்பதைத் தாண்டியதும் வலது தோள் இறுகிப்போனது. கையைத் தூக்கித் தலை சீவ முடியவில்லை. பிசியோதெரபிக்காரி ஒரு ரப்பர்ப் பட்டியைத் தந்து, கதவுக் கைப்பிடியில் கட்டி இழுக்கச் சொன்னாள். ஆறு மாதம் கதவை இழுத்தேன். அதைவிடச் சலிப்பான வேலை உலகத்தில் இல்லை. பிசியோதெரபி நிலையம் இருந்த கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு வில்வித்தைக் கழகம் இருந்தது. ஒருநாள் படி இறங்கி எட்டிப் பார்த்தேன். என் வயதுப் பெண்கள் வரிசையாக நின்று நான் கதவில் இழுத்த அதே இழுப்பை இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் அவர்கள் விட்டபோது ஒன்று பறந்தது. அன்றே பெயரைப் பதிந்துவிட்டு வந்தேன்.

அங்கே பழக்கமானவள்தான் காணிக்காரி. வீட்டில் அவளைப் பற்றிக் கதைக்கும்போது நான் அப்படித்தான் சொல்வேன். கெபெக் பெண், பேருந்து ஓட்டுகிறவள், என்னைவிடப் பத்து வயது இளையவள். எஸ்ட்ரி பக்கத்தில் அவளுக்குத் தகப்பன் வழியில் வந்த காட்டுக்காணி ஒன்று உண்டு. ஒவ்வொரு இலையுதிர் காலமும் அங்கே வில்லோடு மான் வேட்டைக்குப் போவாள். என்னையும் கூப்பிட்டாள். பாடம் படித்து, பரீட்சை எழுதி, அனுமதிச் சீட்டு எடுத்தேன். செய்தி கோயிலுக்கு எனக்கு முன்னரே போய்ச் சேர்ந்துவிட்டது. டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் எங்கள் வீட்டிலிருந்து கோயில் பத்து நிமிடம்தான். பிரசாத வரிசையில் ஒருத்தி, "முருகனுக்கு வேல், உமக்கு வில்லோ?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். சிரித்தவர்களில் பாதிப்பேர் பேந்து தனியே வந்து, மான் கிடைத்தால் தங்களுக்கும் ஒரு பங்கு தரச்சொல்லிக் கேட்டார்கள்.

முதல் வருடம் நான் ஒரு மானைக் காயப்படுத்தினேன். இதை இதுவரை நான் கோயிலில் யாருக்கும் சொல்லவில்லை.

என்னுடைய வில் கப்பி வைத்த வில். இழுக்க நாற்பத்திரண்டு இறாத்தல் பலம் வேண்டும். சட்டப்படி அதில் இரண்டு குறைந்தாலும் மானுக்குப் போகலாம். ஆண்களில் பலர் அறுபது, எழுபது இறாத்தல் இழுக்கிறார்கள். வேட்டைச் சாமான் கடையில் இருந்தவர் என் வில்லைப் பார்த்துவிட்டு, பலம் குறைவென்றால் வேகத்தால் ஈடுகட்டவேண்டும் என்றார். மெல்லிய அம்பு, நூறு தானியம் நிறையுள்ள முனை. அம்பின் நிறையைத் தானியக் கணக்கில்தான் சொல்வார்கள், ஒரு கோதுமை மணியளவு நிறை. முனையோ மடக்குக் கத்தி வைத்தது. பறக்கும்போது இரண்டு கத்தியும் உள்ளே மடங்கியிருக்கும், பட்டவுடன் விரியும். பார்க்க வடிவாக இருந்தது. இலக்கு அட்டையில் நான் குறிவைத்த இடத்துக்கே போனது. நானும் கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டேன்.

ஒக்டோபர் காலை. இருபது மீட்டரில் ஒரு பெண் மான். விட்ட கணத்தில் அது ஒரு காலை முன்னே வைத்தது. அம்பு தோள்பட்டை எலும்பில் போய்ப் பட்டது. விறகு பிளக்கிற சத்தம். மான் பாய்ந்தது, அம்பின் பின்பாதி வெளியே ஆடிக்கொண்டு போவதைக் கண்டேன். காணிக்காரி வந்தாள். மத்தியானம்வரை இரத்தத் துளிகளைத் தேடித் தேடி நடந்தோம். பிறகு இரத்தம் மோப்பம் பிடிக்கும் நாயோடு அவளுக்குத் தெரிந்த ஒருவர் வந்தார். ஓடையைத் தாண்டியதும் நாயும் கைவிட்டது. வழியில் முறிந்து கிடந்த என் அம்பை எடுத்துக் கொடுத்தார்கள். முனையிலிருந்து நான்கு விரற்கடை மட்டும் இரத்தம் பட்டிருந்தது. அவ்வளவுதான் உள்ளே போயிருக்கிறது. மான் பிழைத்திருக்கலாம் என்றாள் காணிக்காரி. பிழைக்காமலும் இருக்கலாம். எத்தனை நாள் அந்தத் தோளோடு நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. பல மாதங்களுக்கு, தையல் மெஷினில் இருக்கும்போதும் அந்தச் சத்தம் வந்தது. வெட்கமாக இருந்தது. பயத்தைவிட, கவலையைவிட, வெட்கம்தான் கூட.

"அப்ப இனி விடும்" என்றார் கணவர். "உமக்கு என்னத்துக்கு இந்த வேலை?"

ஞாயிற்றுக்கிழமை ஆட்டிறைச்சிக் கறி இல்லையென்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிகிற மனுசன் இதைச் சொன்னதும் எனக்குச் சுறுக்கென்று கோபம் வந்தது. "நீங்கள் சாப்பிடுற ஆடு என்ன, தானா வந்து சட்டிக்குள்ளை படுத்ததோ?" என்று கேட்டேன். ஆனால் அவர் கேட்டது நியாயமான கேள்விதான். இரவல் கையால் செத்ததைச் சாப்பிடுவதற்குப் பதிலாக ஒருமுறையாவது நானே அந்த வேலையைச் செய்யவேண்டும் என்று எனக்குள் ஒரு பிடிவாதம். செய்தால் சுத்தமாகச் செய்யவேண்டும். இன்னொரு மான் என் அம்போடு ஓடினால் வில்லைக் கழகத்துக்கே கொடுத்துவிடுவது என்று அவரிடம் சொன்னேன். அவர் அடுத்தநாள் கடையிலிருந்து வரும்போது கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பொன் தராசைக் கொண்டுவந்து சமையலறை மேசையில் வைத்தார்.

என்னிடம் உடைந்த அம்பும் அதன் கூட்டாளிகளும் இருந்தன. ஒன்றை எடுத்து வைத்தார். இருபத்திரண்டு கிராமும் கொஞ்சமும் காட்டியது. எட்டுக் கிராம் ஒரு பவுன்.

"மூண்டு பவுன்கூட இல்லை" என்றார். ஏதோ கலப்படத் தங்கத்தைக் கண்டுபிடித்த குரலில் சொன்னார்.

அந்தக் குளிர்காலம் முழுக்க நான் அம்பு படித்தேன். பலம் குறைந்த என் வில்லுக்கு எந்த அம்பு என்ற கேள்விக்கு மூன்று பதில்கள் இருந்தன, மூன்றும் ஒன்றுக்கொன்று சண்டை பிடித்தன. மெல்லிய அம்பு வேகமாகப் போகும், தூரக் கணிப்பில் பிழை விட்டாலும் அதிகம் விழாது. ஆனால் எலும்பைக் கண்டால் நின்றுவிடும். பிங்பொங் பந்தை எவ்வளவு வேகமாக எறிந்தாலும் யன்னல் உடையாது என்பதுபோல. கனமான அம்பு மெதுவாகப் போகும், சத்தம் குறைவு, போனால் போய்க்கொண்டே இருக்கும். ஆனால் வளைந்து விழும். மீட்டர் கணக்கில் இரண்டு பிழைத்தால் வயிற்றில் படும், அல்லது காலில். மூன்றாவது, தண்டின் விறைப்பு. முனையில் பாரம் ஏற ஏற, விடும்போது தண்டு கூடுதலாக வளையும். விறைப்புப் போதாவிட்டால் அம்பு வாலை ஆட்டிக்கொண்டு கோணலாகப் பறக்கும், கோணலாகப் பட்டால் பாதிப் பலம் அங்கேயே போய்விடும். காணிக்காரி தன் பேருந்து இடைவேளைகளில் எனக்கு வீடியோக்களை அனுப்பினாள். அவளும் நானும் கழகத்தின் வாங்கில் இருந்து பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் வாக்குவாதப்பட்டோம். அவள் கனத்தின் கட்சி. நான் அரைமனதோடு நடுவில் நின்றேன்.

மடக்குக் கத்தியை விட்டுவிடுவதில் மட்டும் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. அது விரிவதற்கே என் வில்லின் பலத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடுகிறது. அதற்குப் பதிலாக இரண்டே விளிம்பு உள்ள, அசையாத, ஒற்றைத் தகட்டு முனை எடுத்தேன். பார்க்க ஒன்றுமில்லை, வெற்றிலைபோல இருக்கும். தீட்டுவதுதான் அதன் உயிர். கணவர் தன் எண்ணெய்க்கல்லில் தீட்டித் தந்தார். பிசியோதெரபிக்காரி தந்த ரப்பர்ப் பட்டியிலிருந்து ஒரு துண்டை நான் இழுத்துப் பிடிக்க, அதன்மேல் முனையை மெல்ல வைத்துப் பார்ப்போம். அழுத்தாமலே அறுந்தால் சரி. அறாவிட்டால் திரும்பக் கல்லுக்கு.

வசந்தத்தில் முடிவு கண்டேன். முனையைத் தண்டில் செருகிப் பிடிக்கிற பாரமான பித்தளைக் குழை ஒன்று, கொஞ்சம் தடித்த தண்டு, மொத்தம் முப்பத்திரண்டு கிராம். நடுத்தரம்: எலும்பைத் துளைக்கப் போதும், இருபது மீட்டருக்கு நேராகவும் போகும். குழைகளைக் கணவரே கடைந்தார். ஆறு அம்பையும் தராசில் வைத்தோம், ஒன்றுக்கொன்று குண்டுமணி வித்தியாசம் இல்லை. எனக்கு அவ்வளவு சந்தோசம். அவர் தராசையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சரியா நாலு பவுன்" என்றார்.

"ஓம். நல்லதுதானே?"

"நாலு" என்று இன்னொருமுறை சொல்லிவிட்டுத் தராசை மூடினார். நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

கோடை முழுக்க அந்த ஆறு அம்புகளோடுதான் என் மாலைகள் போயின. வில்லில் உள்ள குறிகாட்டியை இருபது மீட்டருக்குப் பூட்டினேன். ஓகஸ்ட் முடிவில் ஒரு தேத்தண்ணிக் கோப்பையின் வாய் அளவுக்குள் ஆறும் போய் நின்றன. அப்போது கணவர், வேட்டைக்கென்று மூன்று அம்பை ஒதுக்கித் தாரும், நான் தீட்டி வைக்கிறேன் என்று வாங்கிக்கொண்டு போனார். தீட்டின முனையை அட்டைக்கு விட்டால் மழுங்கும், தொடவேண்டாம் என்றும் சொன்னார். நவராத்திரி வந்தது. அவருடைய அரம், சாமணம், தராசு எல்லாவற்றோடும் அந்த மூன்று அம்புகளும் சாமிப்படத் தட்டில் சந்தனப்பொட்டோடு இருந்தன. கும்பிட்டேன். அவருக்கு என் வேலையில் இவ்வளவு அக்கறையா என்று கொஞ்சம் மனம் உருகியது உண்மை.

வேட்டைக்கு இன்னும் இரண்டு கிழமை இருக்கும்போது, காணிக்காரி ஒரு கேள்வி கேட்டாள். அந்த மூன்றையும் எய்து பார்த்தாயா? இல்லை என்றேன். நீ எய்து பார்க்காத அம்பை என் காணிக்குள் கொண்டுவராதே என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், ஆனால் விளையாட்டாகச் சொல்லவில்லை.

கழகத்துக்குப் போய், இருபது மீட்டரில் நின்று ஒன்றை விட்டேன். ஒரு கையளவு கீழே பட்டது. வாலும் ஆடியது. இரண்டாவது, அதே. மூன்றாவது இன்னும் கீழே. என் தோள்தான் என்று நினைத்தேன். வேறென்ன நினைப்பது? இறுகின தோள் திரும்ப இறுகுகிறது, நான் முழுதாக இழுக்கவில்லை, எனக்குத் தெரியாமலே தளர்கிறேன். நான்கு நாள் இதையே நினைத்துக்கொண்டு இருந்தேன். மெஷினில் இருக்கும்போது வலது கையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தேன். ஒரு கையளவு கீழே என்றால், மானில் அது முன்னங்கால். மூன்று காலில் ஒரு மான் போவதை நான் கண்முன்னே கண்டேன். ஐந்தாம் நாள் காணிக்காரிக்கு, இந்த வருடம் நான் வரவில்லை என்று செய்தி எழுதினேன். அனுப்பவில்லை. எழுதிவிட்டு மேசையில் இருந்தேன். தராசும் அங்கேதான் இருந்தது. ஏன் என்று எனக்கே தெரியாமல் ஒரு வேட்டை அம்பை எடுத்து அதில் வைத்தேன்.

நாற்பது கிராம்.

மற்ற இரண்டையும் வைத்தேன். நாற்பது, நாற்பது.

அவர் கடையிலிருந்து வந்து சப்பாத்தைக் கழற்றக்கூட விடவில்லை.

"இஞ்சாருங்கோ, இந்த அம்புக்கு நீங்கள் என்ன செய்தனீங்கள்?"

முதலில் ஒன்றுமில்லை என்றார். பிறகு தராசைக் கண்டார். முப்பது வருடம் நிறை சொல்லிச் சோறு தின்ற மனுசனுக்கு, தராசுக்கு முன்னால் பொய் சொல்ல வரவில்லை.

"நாலு இரட்டை" என்றார். "இரட்டையிலை ஒரு உயிர்க் காரியத்துக்குப் போகக்கூடாது. தண்டுக்குள்ளை, வெளியிலை தெரியாமல், ஒரு வளையம் போட்டனான், அவ்வளவுதான். ஒரு பவுன். அது என்ன செய்யும்?"

"என்ன செய்யுமோ? நாலு நாளா என்ரை தோள் போச்சுது எண்டு செத்துக்கொண்டு இருக்கிறன். நான் எய்து பாக்காமல் போயிருந்தால் அந்த மானின்ரை காலை அடிச்சு முறிச்சிருப்பன். உங்கடை ஒற்றையும் இரட்டையும் மானுக்குத் தெரியுமோ?"

நன்றாகத்தான் கத்தினேன். பக்கத்து வீட்டுக்காரர் தோட்டத்தில் இலை வாருவதை நிறுத்தியது எனக்குக் கேட்டது. கணவர் ஒரு சப்பாத்தோடு நின்றுகொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். பிறகு மெல்ல, "போன வருசம் நீர் பத்து நாள் ஒழுங்காச் சாப்பிடேல்லை" என்றார். "எனக்குத் தெரிஞ்சது இதொண்டுதான். அதைச் செய்தன்."

அதற்குமேல் எனக்குக் கத்த வரவில்லை. கோபம் போய்விடவில்லை, ஆனால் எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். அவர் அடுப்பைப் பற்றவைத்து, முனையைச் சூடாக்கி வளையத்தைக் கழற்றப்போனார். அப்போதுதான் எனக்கு இன்னொன்று நினைவுக்கு வந்தது. கழகத்தில் அந்த மூன்று அம்பையும் இலக்குக் கட்டையிலிருந்து பிடுங்க நான் பட்ட பாடு. வாலை ஆட்டிக்கொண்டு போன அம்பு, இறகுவரை உள்ளே போயிருந்தது. என் நாலு பவுன் அம்புகள் அதில் பாதிதான் போகும்.

"கொஞ்சம் நில்லுங்கோ" என்றேன்.

காணிக்காரியைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். போனில் அவள் சிரித்த சிரிப்பில் கணவர் அறையைவிட்டே போய்விட்டார். சிரித்து முடித்து, உன் புருசன் சொல்வது சரி, ஆனால் காரணம்தான் பிழை என்றாள். விறைப்பான தண்டு மூன்று தன்னிடம் இருக்கிறது, அவற்றில் இந்த முனைகளை மாற்று, குறிகாட்டியைத் திரும்பப் பூட்டு, பதினைந்து மீட்டருக்கு மேல் விடாதே. அவ்வளவு கிட்ட மான் வரவேண்டுமே என்றேன். வராவிட்டால் வீட்டுக்குப் போ என்றாள்.

விறைப்பான தண்டுகள் சற்றுக் கனமாக இருந்தன. முழு அம்பும் நாற்பதரைக் கிராமுக்கு வந்தது. அரைக் கிராமுக்காக அவர் மூன்று வளையத்தையும் அராவி, மூன்றையும் திரும்ப நாற்பதில் நிறுத்தினார். இந்தமுறை எனக்கு முன்னால், நான் பார்க்கப் பார்க்க. ஒரு கிழமை பதினைந்து மீட்டரில் மட்டும் நின்று பழகினேன். அம்பு நேராகப் போனது. சத்தமே இல்லை.

காணிக்குள் எங்கள் மறைவிடம் ஒரு சின்னக் கூடாரம். முன்னால் யாரும் கவனிக்காமல் விட்ட அப்பிள் மரம் ஒன்று. சுற்றிப் பதினைந்து மீட்டரில் நான்கு மரங்களுக்குச் சிவப்பு நூல் கட்டினேன். கணவரும் வந்து என் பக்கத்தில் மடக்குக் கதிரையில் இருந்தார். காட்டுக்கு வராத மனுசன், நானும் வாறன் என்று தானாகவே வந்தார். அசையாமல் இருக்கும் வேலை அவருக்குத் தெரியும், அதுதானே அவருடைய தொழில். முதல் ஞாயிறு ஒரு பெரிய ஆண் மான் வந்தது, கொம்பு ஒரு கூடை அளவு. இருபத்தைந்து மீட்டரில், விலாவைக் காட்டிக்கொண்டு, கால் மணித்தியாலம் நின்றது. எனக்கு அது வேண்டும்போல இருந்தது. நாலு பவுனும் பழைய குறியுமாக இருந்தால் விட்டிருப்பேன் என்பது நிச்சயம். விடப்போகிறீரா என்று கேட்பதுபோலக் கணவர் என் முழங்கையைத் தொட்டார். நான் தலையாட்டி மறுத்தேன். மான் நூலுக்கு வெளியாலேயே சுற்றிப் போய்விட்டது. காணிக்காரிக்குச் சொன்னபோது அவள் என்னைப் பார்த்து ஒருமுறை தலையை அசைத்தாள். அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

இரண்டு கிழமை ஒன்றும் வரவில்லை. கடைசி ஞாயிறு, வெயில் ஏறி நிலத்துப் பனி கரைந்துகொண்டிருக்கும் நேரம், இடதுபக்கப் பற்றைக்குள்ளிருந்து ஒரு ஆண் மான் வந்தது. ஒரு பக்கத்துக் கொம்பில் மூன்று கிளை. சட்டத்துக்குப் போதும். நூலைத் தாண்டி, அப்பிள் மரத்துக்குக் கீழே வந்து நின்றது. ஒன்பது மீட்டர் இருக்கும். அவ்வளவு கிட்ட நான் மானைப் பார்த்ததில்லை. மூக்கு ஈரமாக இருந்தது. அழுகல் அப்பிளை மூக்கால் தள்ளிவிட்டு நல்லதாகத் தேடியது. ஒன்று கிடைத்ததும் தலையைத் தாழ்த்தியது. முன்னங்கால் முன்னே போயிருந்தது, விலா திறந்திருந்தது. இழுத்தேன். தோள் ஒரு சொல் சொல்லவில்லை. குறி நின்ற இடத்தில் நின்றது. விட்டேன்.

ஒன்றும் கேட்கவில்லை. துணியில் விரலால் தட்டுகிற அளவுதான். அம்பு மறுபக்கத்தில் மண்ணில் குத்தி நின்றது. மான் தலையைத் தூக்கி அந்த அம்பைப் பார்த்தது, ஏதோ கொப்பு விழுந்துவிட்டது என்பதுபோல. பிறகு குனிந்து திரும்பச் சாப்பிடத் தொடங்கியது. நான் அதன் விலாவைப் பார்த்தேன். முன்னங்காலுக்குப் பின்னால், நான் வைத்த இடத்திலேயே, விரல்நுனி அளவில் ஒரு கறுப்பு ஈரம். அது மெல்லக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. மறுபக்கத்தாலும் இறங்குகிறது என்று புல்லைப் பார்க்கத் தெரிந்தது.

கணவர் இருந்த பக்கத்திலிருந்து அந்தக் காயம் தெரியாது. அவர் மூச்சை மெல்ல விட்டார். எனக்கு அவரைத் தெரியும், அது நிம்மதி. என் காதுக்குக் கிட்ட வந்து, "தவறிப்போச்சு, பரவாயில்லை" என்றார். குரலில் சிரிப்பு இருந்தது. இரண்டு மாதமாக நான் அந்தக் குரலைக் கேட்கவில்லை.

ஒரு வருடமாக நான் கேட்டது இதைத்தான். ஓடாமல், துடிக்காமல், என்ன நடந்தது என்று தெரியாமலே போகவேண்டும். அதற்காகத்தான் அத்தனை தானியமும் பவுனும். மானுக்காகக் கேட்கிறேன் என்றுதான் நினைத்திருந்தேன். மான் பழத்தைக் கடித்தது. பாதி வாய்க்கு வெளியே இருந்தது. அது என்னைப் பார்க்கவேயில்லை என்பதில் எனக்கு எவ்வளவு ஆறுதல் என்று கண்டபோது, வில்லைப் பிடித்த கையை எனக்கே பிடிக்கவில்லை. அது விழ இன்னும் பத்து விநாடி, கூடினால் பதினைந்து. பின்னங்கால் ஒன்று ஏற்கனவே கொஞ்சம் அகன்றிருந்தது.

"எவ்வளவு ஆசையாச் சாப்பிடுது, பாரும்" என்றார் அவர்.

"ஓம்" என்றேன்.